நேயரைத் தேடிப் போகும் காலம்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. அங்கே அறிவிப்பாளராகக் குரல் தேர்வில் தேற வேண்டும். உரை நிகழ்த்துகிறவர் அதை எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வாசல் குறுகல்தான். ஆனால் நுழைந்துவிட்டால் கேட்க ஊரே காத்திருந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்ல வந்தபோது ஆள் சேர்க்க அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலும் டீக்கடையிலும் ரேடியோ ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது.

அன்றைய வானொலிக்காரர்கள் தொழிலைக் கற்றது ஒலிப்பதிவு அறையில். கால் அங்குல நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பேச்சு தடுமாறினால் சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். அரை நொடித் தடுமாற்றம் என்றால் கிட்டத்தட்ட நாலங்குல நாடா தரையில் விழும். மூச்சையும் சேர்த்து வெட்டினால் பேச்சில் உயிர் இருக்காது. அதைப் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் அங்கேயே சொல்லித் திருத்துவார்.

இன்று பாட்காஸ்ட் தொடங்க ஒரு செல்போனும் காலர் மைக்கும் போதும். எடிட் செய்ய ஆடாசிட்டி இலவசம். துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றி, அது தரும் ஆர்எஸ்எஸ் ஓடையின் முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸிலும் மற்ற செயலிகளிலும் ஒருமுறை பதிந்தால் போதும். அடுத்தடுத்த பகுதிகள் தாமாகவே போய்ச் சேரும். ஐடியூன்ஸ் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது 2005இல். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019இல். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது பெரிய விடுதலை. எத்தனையோ வட்டார வழக்குகள் இதனால்தான் முதன்முறையாக ஒலிவாங்கிக்கு முன் கூச்சமின்றிப் பேசுகின்றன. எனக்கு அதில் அளவற்ற மகிழ்ச்சி.

ஆனால் கேட்பவரை நாமே தேட வேண்டியிருக்கிறது. ‘பகுதி 7’ என்று தலைப்பிட்டால் யாரும் தொடமாட்டார்கள். ‘தென்னையில் வெள்ளை ஈ: என்ன செய்யலாம்?’ என்று வைத்தால் அதைத் தேடும் விவசாயி கண்ணில் படும். சொன்ன கிழமையில் தவறாமல் வர வேண்டும். ஒரு நிமிடத் துண்டை வாட்ஸ்அப்பில் பகிரலாம். எல்லாவற்றையும்விட, அதே துறையில் பேசும் இன்னொருவரின் பாட்காஸ்டுக்கு விருந்தினராகப் போவதையே நான் முதலில் வைப்பேன். அங்கே இருப்பவர்கள் காதால் கேட்கப் பழகியவர்கள். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

திருத்த ஆளில்லாததுதான் இன்றைய உண்மையான இழப்பு. அன்று நேயர் கடிதம் வரும். பிடிக்காததைப் போஸ்ட் கார்டிலேயே காரணத்தோடு எழுதிவிடுவார்கள். இன்று செயலியின் வரைபடம் நாலாவது நிமிடத்தில் பாதிப் பேர் போய்விட்டதைக் காட்டும். ஏன் போனார்கள் என்று சொல்லாது. அதனால் வெளியிடும் முன்பே, முகதாட்சண்யம் பார்க்காத இரண்டு பேருக்கு ஒலிக்கோப்பை அனுப்புங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எங்கே அலுத்தது, ஏன் அலுத்தது என்று கேளுங்கள். பதிலை வாய்ஸ் நோட்டாகவே வாங்குங்கள், தயக்கமும் கேட்கும்.