மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசுதல்

பிறப்புறுப்பு, மார்பகம், மாதவிடாய், மலம் சிறுநீர் கழித்தல், பாலுறவு, மனநலம் ஆகியவை தொடர்பான நோய்க்குறிகளை மருத்துவரிடம் சொல்லப் பலர் தயங்குகின்றனர். கூச்சம் இயல்பான உணர்வே ஆகும். ஆனால் அது சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்யும்போதும், நோய்க்குறியை மாற்றிச் சொல்லவைக்கும்போதும் உறுப்புக்கோ உயிருக்கோ கேடு நேரலாம்.

வரலாற்றில் ஒரு நிகழ்வு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் பணியாற்றினார். ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக்கு வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவும்படி மருத்துவரின் மகள் ஐடாவை அழைத்தனர். ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. தந்தை வருவார் என்று சொன்னபோது, அயல் ஆண் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என மூவருமே மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். முடிவெடுத்தவர்கள் கணவர்கள், உயிரிழந்தவர்கள் மனைவியர். இந்நிகழ்வே ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் அவர் தொடங்கிய மருத்துவப் பணியே இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ளது.

இன்று பெண் மருத்துவர்கள் பலர் உள்ளனர். எனினும் தயக்கம் மறையவில்லை. அது பெண்களுக்கு மட்டும் உரியதும் அன்று.

தாமதத்தால் வரும் கேடு

விரை முறுக்கம் என்பது வளரிளம் பருவ ஆண்களிடம் அதிகம் காணப்படும் ஓர் அவசர நிலை. விந்தகத்தைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொள்வதால் அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. திடீரெனக் கடும் வலி தோன்றும், வாந்தியும் வரலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் விந்தகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு குறையும். வெட்கப்படும் சிறுவன் "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால், ஓமத் தண்ணீரிலும் கஷாயத்திலும் அந்த நேரம் கழிந்துவிடும்.

மலத்தில் இரத்தம் வருவதை "மூலச்சூடு" என்று தாமே முடிவு செய்துகொள்வோர் உண்டு. மூலநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் இரத்தம் வரலாம். எது என்பதைப் பரிசோதனையே காட்டும். மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வரும் இரத்தப்போக்கையும், மார்பகத்தில் தோன்றும் வலியில்லாத கட்டியையும் அவ்வாறே உடனே காட்ட வேண்டும்.

எப்படிச் சொல்வது?

"அந்த இடத்தில் ஒரு மாதிரி இருக்கிறது" என்பதிலிருந்து மருத்துவர் எதையும் அறிய முடியாது. நான்கு செய்திகள் போதும்: எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு, வேறு என்ன சேர்ந்துள்ளது. "மலம் கழிக்கும்போது இரத்தம் வருகிறது, இரண்டு வாரமாக இருக்கிறது, சொட்டுச் சொட்டாக விழுகிறது, வலி இல்லை" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

• வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இது மிகவும் உதவும்.

• "சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்றே பேச்சைத் தொடங்கலாம்.

• தலைவலி, சளி என்று பேசிவிட்டு, எழுந்து கிளம்பும்போது உண்மைக் குறையைச் சொல்வது தவறு. அதையே முதலில் சொல்ல வேண்டும்.

• உடன் வந்தவர் முன்னிலையில் பேச இயலாவிட்டால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

நோயாளியின் உரிமைகள்

நோயாளி சொன்னதை மருத்துவர் மறைவாகக் காக்க வேண்டும் என்பது இந்தியாவில் மருத்துவத் தொழில் நடத்தை விதிகளில் உள்ள கடமை. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குத் தீவிர ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் போன்ற சில சூழல்களே இதற்கு விலக்கு. ஆண் மருத்துவர் ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் எனத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது. பரிசோதனை எதற்காக என்று கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

பெற்றோர், ஆசிரியர் கடமை

கண், காது, மூக்கு என்று கற்பிக்கும்போதே மற்ற உறுப்புகளின் பெயர்களையும் குழந்தைகளுக்கு இயல்பாகக் கற்பிப்பது நல்லது. பெயர் தெரிந்த குழந்தை வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லும். சொன்னதற்காகக் கேலியோ திட்டோ கிடைக்காத வீட்டில், அடுத்த முறையும் அது தயங்காமல் சொல்லும்.