பழவேற்காட்டுக் கடலின் பொற்பாதை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக் கடற்கரை வெகுதூரமன்று. விடுமுறை நாளொன்றில் விடியுமுன்னே அங்குப் போய் நின்றால், அடிவானத்திலிருந்து நம்மை நோக்கி நீரின்மேல் நீளும் பொற்பாதையைக் காணலாம். எங்கு நகர்ந்து நின்றாலும் அது நம் பக்கமே திரும்புவதைக் கண்டு குழந்தைகள் வியப்பார்கள். பெரியவர்களும் வியக்கலாம், தவறில்லை!

கடல் அசைவற்றிருக்குமாயின் நாம் காண்பது பாதையன்று, சூரியனின் ஒரே பிம்பந்தான். ஒவ்வோர் அலையும் சாய்ந்ததொரு சிறு கண்ணாடியாகிறது. நம் கண்ணை நோக்கிச் சாய்ந்தவை மட்டும் மின்னுகின்றன. காற்று வலுத்தால் சாய்வு மிகும், பாதையும் அகலும். விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு காக்ஸ், மங்க் என்னும் அறிஞர் இருவர் 1954-இல் இத்தொடர்பை அளந்து வெளியிட்டனர்.

ஆனால் மின்னுவது, கடலுக்குள் புகாமலே திரும்பிவிட்ட ஒளி. கடலின் செய்தியைக் கொணர்வது உள்ளே சென்று மீண்ட ஒளியே. உச்சிவேளையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் நீர்ப்பரப்பிலிருந்து திரும்பும். கதிரவன் அடிவானத்தை ஒட்டியிருக்கையிலோ பெரும்பங்கு வழுக்கிப் போய்விடும். அவ்வேளையில் அலைகளே துணை. கதிரவனுக்கு எதிர்ப்பட்ட அலைமுகம் ஒளியைச் சற்று நேராக ஏற்பதால், தட்டையான நீரைவிட அலையாடும் நீரில் அதிக ஒளி இறங்குகிறது.

இவ்விரு ஒளிகளையும் பிரித்துக் காண்பதெப்படி? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், 1921-ஆம் ஆண்டின் கப்பற்பயணத்தில் நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலை நோக்கினார். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகைச் சாய்வில் பார்த்தால் மேற்பரப்பின் பளபளப்பை அப்பட்டகம் தடுத்துவிடும். அலைகளால் சாய்வு மாறுவதால் முற்றிலும் மறையாதெனினும், பெரும்பகுதி மறையும். பளபளப்பு நீங்கியும் நீலம் நீங்கவில்லை. இன்னும் ஆழ்ந்து தெரிந்தது! கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்ற அக்காலக் கருத்து அத்துடன் ஆட்டங்கண்டது.

பழவேற்காட்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து, 1999 மே 26-இல் ஓஷன்சாட் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2009-இலும் 2022-இலும் அதன் வழித்தோன்றல்கள் சென்றன. அலைமின்னல் கண்ணைக் கூசச் செய்யாதிருக்க, அதன் கடல்நிறக் கருவியை 20 பாகை சாய்த்து நோக்க வைத்தனர். மேலே எட்டும் ஒளியில் கடலுக்குள்ளிருந்து வருவது பத்தில் ஒரு பங்குகூட இராது; எஞ்சியதில் பெரும்பகுதி காற்றுமண்டலம் சிதறடித்தது. அச்சிறு பங்கின் பசுமையிலிருந்தே நுண்பாசி செழித்த இடங்களை அறிகின்றனர். பாசி உள்ள இடத்தை மீன் நாடும். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம், இந்நிறத்தையும் நீரின் வெப்பநிலையையும் வைத்து மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்க்கு அறிவிக்கிறது. வீணாய் அலைந்து டீசல் எரிக்காதிருப்பது படகுக்காரருக்குச் சிறிய காரியமா?

மேகம் மூடிய நாளில் மட்டும் அந்நிறம் கருவிக்கு எட்டுவதில்லை. அன்று பழைய அனுபவத்தைத்தான் நம்பி வலை வீசவேண்டும்.