துளிர் தாமதிக்கிறதா? பாத்தியை உயர்த்துங்கள்!



தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் சொல். நம் பால்மரக் காடுகளிலோ தை பிறந்தால் இலை உதிரும். தையிலும் மாசியிலும் மரங்கள் மொட்டையாக நிற்கும், பாலும் குறையும். வெயில் ஏற ஏறச் செம்பு நிறத்தில் இளந்துளிர் எட்டிப் பார்க்கும். சிரம்பான் வட்டாரத்தில் வாழும் நமக்கு வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தச் செந்துளிர்தான் நம் வசந்தம். கொல்லையில் வெண்டையும் பயத்தங்காயும் விதைக்கும் பருவமும் அதுவே.

சில ஆண்டுகளில் இந்த வசந்தம் தாமதித்து வருகிறது. வெயிலுக்குப் பதில் மூடிய வானம், விடாத தூறல், குளிர்ந்த காற்று. 2018 ஜனவரியில் நம் தீபகற்பத்தில் பல நாள் இப்படித்தான் குளிர்ந்தது நினைவிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? வடக்கே சைபீரியாவிலும் சீனாவிலும் கடுங்குளிர் காலம் அது. அங்கே திரளும் குளிர்காற்று சில வேளைகளில் கரை உடைத்ததுபோல் தென்சீனக் கடல் மீது பாய்ந்து வரும். வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் கரையில் பெருமழையாகக் கொட்டும். நெகிரி செம்பிலானுக்கு அதன் மிச்சமாக மேகமும் தூறலும் வந்து சேரும்.

மழைக்கு இரண்டு கைகள்

இந்த மழை நம் வீட்டுக்குள் இரண்டு கைகளை நீட்டுகிறது. ஒரு கை கூலியைப் பிடுங்குகிறது. பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டு வழியே ஓடாமல் மரமெங்கும் வழிந்துவிடும். மங்கில் விழுந்த பாலும் மழை நீரோடு கலந்து கெடும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. துளிர்விடும் சமயத்தில் குளிரும் பனியும் நீடித்தால் இளந்துளிர்களில் வெள்ளைப் பூசண நோய் பற்றி, வந்த இலையும் உதிர்ந்துவிடும். பால் பெருகும் நாள் மேலும் தள்ளிப்போகும்.

இன்னொரு கை சந்தையில் விலையை ஏற்றுகிறது. 2021 நவம்பரில் நாடெங்கும் காய்கறி விலை எப்படி ஏறியது என்பது குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும். மழை, ஆள் பற்றாக்குறை, உர விலை என்று காரணங்கள் பல சொன்னார்கள். காரணம் எதுவானாலும் பசார் மாலாமில் காசை எண்ணிக் கொடுப்பது நாம்தான்.

கூலி குறையும் மாதத்திலேயே காய் விலை ஏறுகிறது. ஆகவே இந்தக் காலத்தில் கொல்லைப்புறம் பொழுதுபோக்கு அல்ல. அது குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். நாட்டுக்கே இந்தக் கவலை வந்ததுண்டு. 1974-இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, உணவு விலை உயர்வைச் சமாளிக்க 'பசுமைப் புத்தகத் திட்டம்' தொடங்கி, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தில் காய்கறி பயிரிடச் சொன்னார். அதற்கும் முன்னால், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், மரவள்ளிக் கிழங்குதான் தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது.

வாத்தியார் தோற்ற கதை

அப்படியொரு குளிர் மாதத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வழக்கம்போல் தைப்பூசம் முடிந்ததும் வெண்டையும் பயத்தங்காயும் விதைத்தேன். என் தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கப்படி நாலு பக்கமும் வரப்பு கட்டி, நடுவில் பள்ளமாகப் பாத்தி போட்டேன். எட்டு நாளாகியும் ஒரு முளையும் இல்லை. மண்ணைக் கிளறினால் விதைகள் கூழாகிக் கிடந்தன. மறுபடி விதை வாங்கினேன். மறுபடியும் அதே கதி. மிளகாய் நாற்றெல்லாம் தண்டின் அடி கறுத்துப் படுத்துவிட்டது.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவர் கொல்லையில் மட்டும் பச்சை குறையவில்லை. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"வாத்தியாரய்யா, நீங்க கட்டுனது தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பாத்தி. அது நம்ம ஊரு வறட்சிக்கு. இங்க தண்ணியை வெளியே அனுப்பணும். மேடு போடுங்க. மரம் துளிர்க்கட்டும், அப்புறம் வெதையைப் போடுங்க" என்றார்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கிடைக்காத பாடம் அது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழகத்துக்குச் சரி. வானம் பார்த்த பூமியில் ஒரு சொட்டு நீரும் வீணாகாமல் பிடித்து வைக்க வேண்டும். நம் கைகளுக்கு அந்தப் பழக்கம் வழிவழியாக வந்துவிட்டது. சிரம்பான் வட்டாரத்திலோ ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும் மழை மிகும். ஜூலை பெரும்பாலும் காய்ந்திருக்கும். பட்டமும் வேறு, பாத்தியும் வேறு. பட்டணத்து ஓரங்களில் காய்கறி போடும் சீனர்களின் நிலத்தைப் பாருங்கள். பாத்திகள் எல்லாம் மேடாகவும் இடையில் வாய்க்கால்களாகவும் இருக்கும்.

நம் ஊர்க் குளிர் செடியைக் கொல்லும் குளிர் அல்ல. கொல்வது தேங்கிய நீர். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும். பூஞ்சை பற்றி அழுகும். வெயில் இல்லாததால் மண் காய்வதும் இல்லை. மருந்து அடிப்பதைவிட மண்வெட்டியால்தான் இதற்கு வைத்தியம்.

செய்ய வேண்டியவை

முதலில் மேட்டுப் பாத்தி. மூன்றடி அகலம் போதும். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். உயரம் ஓரடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இடையில் வெட்டும் வாய்க்காலின் மண்ணையே மேட்டில் போடுங்கள். வாய்க்கால் நீர் வெளியே ஓட வழி வேண்டும்.

அடுத்து மண் சோதனை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் விதைக்காதீர்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் விதைக்கலாம்.

மூன்றாவது, நாற்றைக் கூரையடியில் வளர்ப்பது. மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை அடியில் ஓட்டை போட்ட பால் டின்னில் இட்டு, வெளிச்சம் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். நான்கு, ஐந்து வாரத்தில் நாற்று தயாராகும். அதற்குள் வானமும் தெளியலாம்.

நான்காவது, மண்ணின் புளிப்பு. விடாத மழை மண்ணின் சத்தைக் கரைத்து, புளிப்பை ஏற்றிவிடும். விறகடுப்புச் சாம்பலை நனையாமல் சேர்த்து வைத்து, நடுவதற்கு முன் சிறிதளவு தூவிக் கிளறுங்கள். மாட்டுச் சாணமும் கோழி எருவும் நன்றாக மக்கியதாக இருக்கட்டும்.

காத்திருக்கும்போது எதை நடலாம்?

ஈரத்தை விரும்பும் கீரைகள் உண்டு. கங்குங் விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் அறுப்புக்கு வரும். பசளைக்கீரையைத் தண்டு ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். சாயூர் மானிஸும் குச்சியிலேயே வளரும். ஆனால் நீர் தேங்காத மேட்டில் நடுங்கள். அதைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990களில் தைவானில், உடல் மெலிய வேண்டுமென்று அதைப் பச்சைச் சாறாகக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

முருங்கைப் போத்தையும் வெண்டை விதையையும் மட்டும் வெயில் வரும்வரை பொறுத்து வையுங்கள். வெண்டை சூடான மண்ணில் ஒரு வாரத்துக்குள் முளைத்து, சுமார் ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். மூன்று வாரம் முந்தி விதைத்து அழுகவிடுவதைவிட, மூன்று வாரம் பிந்தி விதைத்துப் பறிப்பது மேல்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈரக் காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இரவோடு இரவாக நாற்றைத் தின்றுவிடும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். மனித மூளையைத் தாக்கும் புழு அவற்றில் இருக்கக்கூடும். கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துச் சாப்பிடுங்கள். அடுத்து, டின்னிலும் வாளியிலும் நீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசுவுக்கு அதுவே தொட்டில்.

கொல்லை இல்லாதவர்களுக்கு

நம்மில் பலர் இன்று லயத்தில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. மலிவு விலை அடுக்குமாடியில் வாழும் சகோதரிகளே, கொல்லை போய்விட்டதே என்று மனம் தளர வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் நாலைந்து ஓட்டை போட்டு மண் நிரப்பினால் அதுவே மேட்டுப் பாத்தி. வெயில் படும் ஐந்தடி இடமிருந்தால் பசளையும் மிளகாயும் வரும்.

அந்தப் பாட்டி இன்று இல்லை. எங்கள் பள்ளியின் பின்புறம் பிள்ளைகள் ஆண்டுதோறும் மேட்டுப் பாத்தி போடுகிறார்கள். மழை விட்டதும் ஓடிப்போய் மண்ணைப் பிடித்துப் பார்த்து, "சார், இன்னும் கசியுது" என்கிறார்கள். விதைப் பொட்டலம் அலமாரிக்குத் திரும்புகிறது. கங்குங் மட்டும் அறுவடையாகி, பிள்ளைகளின் பையில் வீட்டுக்குப் போகிறது.

நாளைக் காலை மழையால் வெட்டு இல்லையென்றால் சோர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். தூறல் நிற்கும் அரை மணி நேரத்தில் மண்வெட்டியை எடுத்து, நீர் வெளியே போக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். விதைக்கு அவசரம் வேண்டாம். துளிர் பிந்தினாலும் வரத்தான் செய்யும். அன்றைக்கு உங்கள் பாத்தி தயாராக இருக்கட்டும்.