தலையில பேனா? முதல்ல ரூம்மேட்கிட்ட சொல்லுங்க

சாரத்துல நாங்க மூணு பேர் ஒரே ரூம்ல இருந்தோம். ஒருத்திக்குப் பேன் வந்துச்சு. அழுக்குத் தலைன்னு நினைப்பாங்களோன்னு ஒரு மாசம் அவ வாயே திறக்கல. கடைசியில மூணு பேர் தலையிலயும் பேன்.

உண்மையில பேனுக்கு அழுக்குத் தலை, சுத்தமான தலைங்கிற பேதமே கிடையாது. அதுக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது, ஊரத்தான் தெரியும். பெரும்பாலும் தலையும் தலையும் ஒட்டும்போதுதான் பரவுது. ஒரே பாயில படுக்கிறது, ஒரே போன்ல தலையை ஒட்டிப் படம் பார்க்கிறது, இப்படி. சீப்பு, துண்டு வழியா வர்றது குறைவு. தலையை விட்டு விழுந்த பேன் ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும்.

முதல் தடவை பேன் வந்தா, அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால ஒருத்தருக்கு இருந்தா அன்னைக்கே எல்லாரும் தலை பாருங்க. முடியை நனைச்சு, கண்டிஷனர் போட்டு, பேன் சீப்பால வேர்லேர்ந்து நுனி வரைக்கும் வாருங்க.

மெடிக்கல்ல கிடைக்கிற 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதான் ஒன்பதாவது நாள் வாக்குல மறுபடியும் போடணும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

தலைப்பேன் நோய் எதையும் பரப்பாது. மறைக்க வேண்டியதும் இல்ல. அவ சொல்லாததுக்கு நாங்களும் காரணம்: முன்னாடி வேற ஒருத்தியைப் பேன் தலைன்னு கிண்டல் பண்ணது நாங்கதான்.