மெதுவாக ஓடப் பழகுதல்

இரணைமடுக் குளக்கட்டில் விடியப்புறம் ஓடத் தொடங்கிய முதற் கிழமையிலேயே, சைக்கிளில் வந்த ஓர் ஐயா என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்து, “என்ன பிள்ளை, கால் நோகுதோ?” என்று கேட்டார். கால் நோகவில்லை. மணிக்கூட்டில் இதயத்துடிப்பு 140ஐத் தாண்டக்கூடாது என்பதற்காகக் கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தேன்.

குறைந்த இதயத்துடிப்புப் பயிற்சி என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்கரான பில் மஃபெற்றோனின் கணக்கு எளிதானது. 180இலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். அடிக்கடி தடிமன் பிடிப்பவர், காயப்பட்டவர், புதிதாகத் தொடங்குபவர் என்றால் இன்னும் 5 கழியுங்கள். பெரிய நோயிலிருந்து மீள்பவரும் தொடர்ந்து மருந்து எடுப்பவரும் 10 கழிக்கவேண்டும். எனக்கு 35 வயது, புதியவள், ஆகவே 140. பயிற்சியின் பெரும்பகுதியை இந்த எல்லைக்குள் செய்யவேண்டும். இது ஆய்வுகூடத்தில் அளந்து கண்ட எண் அல்ல, அனுபவக் கணக்கு. ஆளுக்காள் கொஞ்சம் பிசகும்.

இதனால் பெயர்பெற்றவர் மார்க் அலன். ஹவாயில் நடக்கும் அயன்மான் போட்டியில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், அதன் மேல் ஒரு முழு மரதன். அங்கே அவர் ஆறு தடவை தோற்றார். அவருக்கு வகுக்கப்பட்ட எல்லை 155. அதற்குள் நிற்க, ஒரு மைலுக்கு 8 நிமிடம் 15 செக்கன் என்ற வேகத்துக்கு இறங்கவேண்டியிருந்தது. உலகத்தர வீரருக்கு அது வெட்கக்கேடு. ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின் அதே 155 துடிப்பில் மைலை 5 நிமிடம் 20 செக்கனில் ஓடினார். 1989இல் டேவ் ஸ்கொட்டை 58 செக்கனால் வென்றார். மொத்தம் ஆறு பட்டங்கள்.

மெதுவாக ஓடி எப்படி வேகம் வருகிறது? கடுமையாக ஓடும்போது உடல் சேமித்த மாச்சத்தையே முக்கியமாக எரிக்கிறது. அந்தச் சேமிப்பு சிறியது. மரதனின் கடைசிப் பகுதியில் பலர் விழுந்துபோவது அது தீர்வதால்தான். மெதுவான ஓட்டத்தில் கொழுப்பு கூடுதலாக எரியும், அது எவரிடமும் தாராளமாக உண்டு. மாதக்கணக்கில் இப்படி ஓடினால் தசைக் கலங்களில் இழைமணிகள் பெருகும், நுண்ணிய குருதிக் குழாய்கள் கூடும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியும் கூடும். அதே வேலைக்குக் குறைந்த துடிப்புப் போதும்.

இதயத்துடிப்பு வேகத்தை மட்டும் எண்ணுவதில்லை. வெய்யில் ஏறினால், முதல்நாள் நித்திரை இல்லாவிட்டால் அதுவும் ஏறும். ஒருநாள் பின்னால் ஒரு பார ஊர்தியின் ரயர் வெடித்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை, 138 ஆக இருந்தது 160ஐத் தாண்டிவிட்டது. இறங்க நெடுநேரம் எடுத்தது. 2009இல் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்போது ஓட்டத்துக்கு ஒரு வேகம்தான் இருந்தது. நான் ஓட வந்த பிறகும் நெடுநாள் அந்த ஒரு வேகத்தையே என் உடல் அறிந்திருந்தது: மூச்சு முட்ட ஓடுவது, பிறகு இரண்டு நாள் படுப்பது. எல்லை மீறிய நாளில் நடக்கச் சொல்கிறது இந்த முறை. அதைத் தோல்வியாக எடுக்காமலிருக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மணிக்கூடு கட்டாயமில்லை. நின்று, கழுத்து நாடியை 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்கலாம். இல்லாவிட்டால், முழு வசனம் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா என்று பாருங்கள். பிறஷருக்குக் குடிக்கும் சில மருந்துகள் இதயத்துடிப்பைத் தாழ்த்திவைக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, வைத்தியரைக் கேட்கவேண்டும். செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கு நடப்பதற்கே கூடுதல் சக்தி செலவாகும், முழங்காலுக்கு மேல் இழந்தவர்களுக்கு இன்னும் கூட. அவர்கள் நடையிலேயே எல்லையைத் தொடலாம். அதுவும் பயிற்சிதான்.

மாதம் ஒருமுறை ஒரே பாதையில், ஒரே துடிப்பில் ஓடி நேரத்தைக் குறிக்கவேண்டும். 140இல் 5 கிலோமீற்றருக்கு முதலில் எனக்கு 49 நிமிடம் எடுத்தது. ஐந்தாம் மாதம் 42. சைக்கிள் ஐயா இப்போதும் முந்துகிறார். “நோ மாறீட்டுதுபோல” என்றார் போன கிழமை.