கண்ணாடி கொடுப்பவர் எதுவரை கண் பார்க்கலாம்?

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ஊசியும் நூலும் கொடுத்துக் கோர்க்கச் சொல்லிப் பாருங்கள். கையைத் தூரமாக நீட்டுவார், தலையைப் பின்னுக்கு இழுப்பார், வெளிச்சம் தேடி வாசல் பக்கம் போவார். கடைசியில் "இந்தா புள்ள, நீயே கோத்துக் குடு" என்று பேத்தியிடம் கொடுத்துவிடுவார். இது வியாதி அல்ல. வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகிப் போகிறது. அதனால் கிட்டத்தில் இருக்கும் பொருளுக்கு ஏற்ப அதனால் வளைந்து கொடுக்க முடிவதில்லை. எல்லோருக்கும் வருவதுதான். சரியான கண்ணாடி ஒன்று போட்டால் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஆனால் தோட்டத்து வேலைக்கு இது சின்ன விஷயமல்ல. பால் வெட்டுகிறவர் விடியற்காலை அரை வெளிச்சத்தில், மரம் காயப்படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரமும் கெடும், ஐயாவிடம் ஏச்சும் கிடைக்கும். கொழுந்து எடுக்கிறவர் முற்றிய இலையைத் தள்ளி இளங்கொழுந்தைப் பார்த்துக் கிள்ள வேண்டும். கண் மங்கினால் முதலில் குறைவது கிலோ, அதற்குப் பிறகு பேர். "வயசாயிருச்சி, கை ஓடல" என்று நாமே நம்மைக் குறை சொல்லிக் கொள்கிறோம். பல பேருக்குக் குறை கையில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது.

சரி, கண்ணாடிக்கு எங்கே போவது? யட்டவத்தப் பக்கத்திலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் பேர் போய்விடும். ஆகவே டவுன் கண்ணாடிக் கடைக்கோ, தோட்டத்துக்கு வரும் கண்ணாடி முகாமுக்கோ போகிறோம். அங்கே வெள்ளைக் கோட்டு போட்டு நம் கண்ணைப் பார்க்கிறவர் யார்? அவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது? உலகத்தின் பல நாடுகளில் சட்டசபை வரை போன கேள்வி இது. அதைத்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

யார் யார்?

கோட்டுப் போட்டவரை எல்லாம் நாம் "டொக்டர்" என்று கூப்பிடுகிறோம். ஆனால் கண் விஷயத்தில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர் கண் விசேட வைத்தியர். இவர் டொக்டர் படிப்பு முடித்து, அதற்கு மேல் கண்ணுக்கென்றே பல வருஷம் படித்தவர். வியாதி கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது, ஒப்பரேஷன் செய்வது இவர் வேலை.

இரண்டாமவர் பார்வை சோதித்துப் பவர் சொல்லப் படித்தவர். ஒப்டோமெட்ரிஸ்ட் என்பார்கள். இந்தியாவில் இதற்கு நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது.

மூன்றாமவர் ஒப்டீசியன், அதாவது கண்ணாடிக்காரர். மற்றவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, இரண்டு கருவிழிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, வில்லையைச் சரியாகப் பிரேமில் பொருத்தி, மூக்கிலும் காதிலும் உட்காரச் செய்கிறவர். இது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். வில்லையின் நடு சரியாக உட்காராவிட்டால், பவர் சரியாக இருந்தாலும் தலையிடிதான் மிஞ்சும்.

மூன்றாமவர் இரண்டாமவரின் வேலையைச் செய்யலாமா, இரண்டாமவர் முதலாமவரின் வேலையில் கொஞ்சம் செய்யலாமா என்பதுதான் வழக்கு.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1901இல் ஒப்டோமெட்ரிஸ்டுகளுக்கு முதன்முதலில் சட்டம் போட்டது. அன்று அவர்கள் கண்ணில் ஒரு சொட்டு மருந்துகூட விட முடியாது. 1971இல் ரோட் ஐலண்ட் மாநிலம், சோதனைக்கு உதவும் சொட்டு மருந்தை விட அனுமதித்தது. 1976இல் மேற்கு வர்ஜீனியா, சில கண் வியாதிகளுக்கு மருந்து கொடுக்கவும் அனுமதித்தது. 1998க்குள் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு அளவில் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஒரே நாளில் கதவைத் திறந்து விடவில்லை. ஒவ்வொரு படிக்கும் கூடுதல் படிப்பும் பரீட்சையும் வைத்தார்கள்.

பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்டோமெட்ரிஸ்டுகளையும் கண்ணாடிக்காரர்களையும் பதிவு செய்ய ஒரு கவுன்சிலை உண்டாக்கியது. மேற்படிப்பு முடித்த ஒப்டோமெட்ரிஸ்டுகள் தாமாகவே மருந்து எழுத 2008இல் அங்கே வழி பிறந்தது. மலேசியா 1991இலும், சிங்கப்பூர் 2007இலும் இத்துறைக்குச் சட்டம் செய்தன. இந்தியாவில் 2021இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான சட்டத்தில் ஒப்டோமெட்ரிஸ்டுகளும் அடங்குகிறார்கள்.

கண்ணாடிக்காரர் விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டியது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே 2010இல், பயிற்சி பெற்ற ஒப்டீசியன்கள் தாமாகவே மெஷினால் பவர் பார்த்துக் கண்ணாடி கொடுக்கலாம் என்று விதி வந்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. 19 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட, ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும். அங்குள்ள ஒப்டோமெட்ரிஸ்டுகள் இதைப் பலமாக எதிர்த்தார்கள். "பவர் மட்டும் பார்த்து அனுப்பினால், ஜனங்கள் கண் முழுக்கச் சோதித்தாகிவிட்டது என்று நினைத்துக் கொள்வார்கள். உள்ளே இருக்கும் வியாதி தப்பிவிடும்" என்பது அவர்கள் வாதம்.

இதில் தொழில் போட்டி இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஏன் என்று பாருங்கள்.

பவர் சரி, கண் சரியில்லை

கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, ஒரு கள்ளன். வலிக்காது, சிவக்காது. பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். இந்த வியாதி உள்ளவர் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிடுவார். கடைக்காரரும் நல்ல மனசோடு, "ஒங்க கண்ணு நல்லாருக்கு அம்மா" என்று சொல்லி அனுப்புவார். இழந்த பார்வையை எந்த டொக்டராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இருப்பதைத்தான் காப்பாற்றலாம்.

சீனி வியாதியும் அப்படித்தான். சீனி கூடியிருக்கும் நேரத்தில் கண்ணின் பவரே மாறிவிடும். அன்றைக்கு அளந்து செய்த கண்ணாடி, மருந்து எடுத்துச் சீனி இறங்கியதும் ஒத்து வராது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று நாம் சண்டை பிடிப்போம். அதைவிடப் பெரிய ஆபத்து, சீனி கண்ணின் பின்பக்கத் திரையில் உள்ள ரத்தக் குழாய்களைக் கெடுப்பது. அதை மெஷின் பவர் காட்டாது. கண்ணின் உட்புறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனம். சின்னப் பிள்ளைகளின் கண்ணை, பல வேளைகளில் சொட்டு மருந்து விட்டுத்தான் சரியாக அளக்க முடியும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால், அந்தக் கண் பார்க்கவே பழகாமல் சோம்பிப் போய்விடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிக்கட்டுவது சுலபம். கனடாக்காரர்கள் வயது எல்லை வைத்தது சும்மா இல்லை.

அப்படியானால் டொக்டரே எல்லாம் பார்க்கட்டுமே?

அதுவும் நடக்கிற காரியம் இல்லை. தூரப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குத்தான் உலகத்தில் சரியான கண்ணாடி கிடைத்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமல் தவிப்பவர்கள் சுமார் 82 கோடிப் பேர் என்று 2019இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இத்தனை பேருக்கும் விசேட வைத்தியரே பவர் பார்ப்பதென்றால், கண்புரை ஒப்பரேஷன் செய்ய ஆள் இருக்காது.

கண்ணாடி இல்லாததால் நஷ்டம் யாருக்கு? நம்மைப் போன்ற தொழிலாளருக்குத்தான். 2017இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு ஆய்வு செய்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, கிட்டப் பொருள் மங்கலாகத் தெரிந்த 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்து ஒரு நாளைக்குச் சராசரி 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவாக ஏறியது. போடாதவர்களுக்கு 26இலிருந்து 30.6தான். பருவத்தால் எல்லோருக்கும் கூடியதைக் கழித்துப் பார்த்தால், கண்ணாடியால் மட்டும் கூடியது நூற்றுக்கு 21.7 பங்கு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 31.6 பங்கு! 2018இல் வெளிவந்த இந்த ஆய்வைத் தோட்டத் துரைமாரும் படிக்க வேண்டும். கூடுதல் கிலோவுக்குத் தொழிலாளிக்கும் காசு உண்டு, தோட்டத்துக்கும் கொழுந்து உண்டு. ஒரு கண்ணாடியின் விலை அதற்கு முன் எம்மாத்திரம்?

மதுரை காட்டிய வழி

கடைக்காரரே எல்லாம் பார்ப்பதும் ஆபத்து, டொக்டரே எல்லாம் பார்ப்பதும் முடியாது என்றால் வழி என்ன? 1976இல் டொக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பவர் பார்க்கவும் கண் அழுத்தம் அளக்கவும் பழக்குகிறார்கள். 2004இலிருந்து சின்ன ஊர்களில் கண் பராமரிப்பு நிலையங்களைத் திறந்து, பயிற்சி பெற்றவர்களை அங்கே வைத்தார்கள். அவர்கள் கண்ணைச் சோதித்து, படம் பிடித்து அனுப்ப, ஆஸ்பத்திரியில் இருக்கும் டொக்டர் வீடியோ வழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி மட்டும் போதுமென்றால் அங்கேயே கிடைக்கும். வியாதி என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

இங்கே டொக்டர் அல்லாதவர் நிறைய வேலை செய்கிறார். ஆனால் தனியாக விடப்படவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு டொக்டர் இருக்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் இதே ஒழுங்குதானே? சின்ன வருத்தத்துக்கு அங்கேயே மருந்து, கை மீறினால் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. கண்ணுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

ஆகவே நமது கருத்து இதுதான். கண்ணாடி கொடுப்பவரின் வேலை எல்லையை விரிக்கலாம், விரிக்கவும் வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனை இருக்க வேண்டும்: படித்ததற்குச் சான்று, பெயர் பதிவு, சந்தேகம் வந்தால் டொக்டரிடம் அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம். நம் நாட்டில் டொக்டர்மார் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகிறார்கள். "நீங்கள் எங்கே படித்தீர்கள், எதில் பதிந்திருக்கிறீர்கள்?" என்று கண் பார்க்க வருகிற எவரிடமும் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல தொழில்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

நாம் செய்ய வேண்டியவை

1. நாற்பது வயது தாண்டி, கிட்டத்தில் மட்டும் மங்கல், வேறு ஒரு குறையும் இல்லை என்றால், படித்த ஒருவர் பவர் பார்த்துத் தரும் கண்ணாடி போதும். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்பது வீண் பேச்சு. அது கண்ணைக் கெடுக்காது.

2. சீனி, பிரஷர் உள்ளவர்களும், தாய் தகப்பன் கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குளுக்கோமா உள்ளவர்களும், கண்ணாடி சரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். சீனி உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவை காட்ட வேண்டும்.

3. பிள்ளை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், கண் மாறு கண்ணாகத் தெரிந்தால், கரும்பலகை தெரியவில்லை என்றால், முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்கே கூட்டிப் போங்கள்.

4. திடீரென்று பார்வை குறைதல், கண் வலியோடு சிவத்தல், விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல், மின்னல் வெட்டுவது போலத் தெரிதல், திரை விழுந்தது போல மறைத்தல் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேர் போனாலும் பரவாயில்லை.

5. பட்டைத் துண்டோ, தேயிலை வாதோ, முள்ளோ கண்ணில் பட்டால் தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடாதீர்கள். பக்கத்து லயத்தில் மிஞ்சிய சொட்டு மருந்தையும் விடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த மருந்தாக இருந்தால் காயம் புண்ணாகிக் கண்ணே போகலாம்.

6. முகாமில் கண் பார்த்தால் பவர் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது. அந்தக் கடையில்தான் கண்ணாடி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "பவர் மட்டுமா பார்த்தீங்க, கண் அழுத்தமும் பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், அது முழுச் சோதனை இல்லை என்று மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு முகாம் வருகிற தகவல் கிடைத்தால், தோட்ட வைத்திய உதவியாளரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். வருகிறவர் யார், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களை யார் அனுப்புவார் என்று அவர்கள் விசாரித்து வைக்கட்டும். பவர் சீட்டைக் கிளினிக் கார்டோடு சேர்த்து பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை கண் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.