திருப்பித் தர முடிந்தவருக்கே பரிசா?



புகழ்பெற்ற நடிகை ஒருவர் விழாவுக்குச் செல்கிறார். அவர் உடுத்தும் ஆடையை ஒரு நிறுவனம் தருகிறது. நகைகளை இன்னொரு நிறுவனம் இரவலாகத் தருகிறது. அதே நகரில் இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் தம் காலணியைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்குகிறார். வாங்கும் வசதி உள்ளவருக்கு இலவசம், வசதி குறைந்தவருக்கு முழு விலை! உலகம் ஏன் இப்படி நடக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஆஸ்கர் விருது விழாவின் பரிசுப் பை நமக்கு உதவும்.

அமெரிக்காவில் ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமி, மேடையேறி விருது வழங்கும் நட்சத்திரங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பரிசுப் பை ஒன்றைக் கொடுத்து வந்தது. உல்லாச விடுதிகளில் தங்குவதற்கான சீட்டுகள், விலையுயர்ந்த அழகுப் பொருள்கள் போன்றவை அதில் இருந்தன. 2006-ஆம் ஆண்டின் பை ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ளது என்று அந்நாளைய செய்திகள் கூறின. இவற்றை அகாடமி விலை கொடுத்து வாங்கவில்லை. நிறுவனங்களே விரும்பிக் கொடுத்தன.

அப்போதுதான் அமெரிக்க வருமான வரித்துறை குறுக்கிட்டது. "இது பரிசு அல்ல, வருமானம். இதற்கு வரி உண்டு" என்பதே அத்துறையின் நிலைப்பாடு. 2006 ஆகஸ்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2005 வரை கொடுத்த பைகளுக்கான வரிப் பொறுப்பை அகாடமி ஏற்றுக்கொண்டது. 2007 முதல் பை கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் பை மறைந்துவிடவில்லை. அகாடமியோடு தொடர்பில்லாத ஒரு விளம்பர நிறுவனம், விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தானாகவே பை அனுப்பி வருகிறது. தங்கள் பொருள் அதில் இடம்பெற வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் கட்டணமும் செலுத்துகின்றன.

பரிசு எது, வருமானம் எது என்று வரித்துறை எப்படிப் பிரித்தது? இதற்கு 1960-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு வழிகாட்டியாக இருக்கிறது. ஒரு வணிகர் தம் நண்பரான இன்னொரு வணிகருக்கு வாடிக்கையாளர்கள் சிலரின் பெயர்களைச் சொல்லி உதவினார். அதற்கு நன்றியாக அவருக்கு ஒரு காடிலாக் கார் வந்தது. தம்மிடம் ஏற்கெனவே இரண்டு கார்கள் இருக்கின்றன, இன்னொன்று தேவையில்லை என்று அவர் சொல்லியும் அது வந்து சேர்ந்தது. கொடுத்தவரின் நிறுவனமோ அந்தக் காரின் விலையைத் தன் வியாபாரச் செலவுக் கணக்கில் எழுதியது. இதையெல்லாம் பார்த்த நீதிமன்றம், அந்தக் கார் பரிசு அல்ல, வருமானமே என்று முடிவு செய்தது. ஆதாயம் எதையும் எதிர்பாராத தாராள மனதிலிருந்து வருவதே பரிசு. செய்த உதவிக்கு ஈடாகவோ, செய்யப்போகும் உதவியை எதிர்பார்த்தோ வருவது பரிசாகாது. இதுதான் நீதிமன்றம் கண்ட வேறுபாடு.

இப்போது நமக்கு விடை கிடைக்கிறது. நட்சத்திரத்திற்கு எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. அவருடைய முகமும் பெயரும்தான் விலை. அந்த ஆடையில் அவரை ஒரு புகைப்படம் எடுத்தால் போதும், நிறுவனத்துக்கு அது விளம்பரம். விளம்பரச் செலவு கடைசியில் பொருளின் விலையில்தானே சேரும்? நட்சத்திரத்தின் பைக்கான பணத்தில் ஒரு பங்கு, கடையில் அந்தப் பொருளை வாங்கும் சாதாரண மனிதரின் பையிலிருந்துதான் போகிறது.

அந்த நாள்களில் அதே அமெரிக்காவில் உணவகப் பணியாளரின் நிலை என்ன? வாடிக்கையாளர்கள் தரும் டிப்ஸ் பணம் ஒரு மாதத்தில் 20 டாலரை எட்டினாலே அதை முதலாளியிடம் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு வரியும் உண்டு. 2025-இல் வந்த ஒரு சட்டம்தான் அந்த வருமான வரியில் ஒரு வரம்பு வரை சலுகை தந்தது. சில்லறைக் காசுக்குக் கணக்குக் கேட்ட உலகம், லட்சம் டாலர் பைக்குப் பல ஆண்டுகள் கணக்குக் கேட்கவில்லை! நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 முதல்தான், தொழில் தொடர்பாக ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் இலவசங்களுக்கு முன்கூட்டியே வரி பிடிக்கும் முறை வந்தது. சமூக ஊடகப் பிரபலங்கள் விளம்பரத்திற்காகப் பெற்றுத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் பொருள்களும் இதில் அடங்கும்.

பிரியமானவர்களே, கலைஞர்கள்மீது பொறாமை கொள்வதற்காக இதை எழுதவில்லை. உழைப்புக்கு ஏற்ற ஊதியம் அவர்களுக்கும் உரியதே. நட்சத்திரங்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஏனெனில் இதே பழக்கம் நம் வீட்டிலும் இருக்கிறது.

நம் மொய் நோட்டை எடுத்துப் பார்ப்போம். மொய் ஒரு நல்ல வழக்கம்தான். ஏழை வீட்டுத் திருமணம் கடனில்லாமல் நடக்க அது உதவுகிறது. ஆனால் வசதியான வீட்டுக்குத் தங்க மோதிரமும், கூலி வேலை செய்பவரின் வீட்டுக்கு 101 ரூபாயும் என்று நாம் தீர்மானிப்பது எதைக் கொண்டு? தேவையைக் கொண்டா, அல்லது நாளை நமக்குத் திரும்பி வரப்போவதைக் கொண்டா? ஊர்த் திருவிழாவில் பொன்னாடை யாருக்கு? பத்துப் பொன்னாடை வாங்கியவருக்கே பதினொன்றாவதும் போர்த்துகிறோம். திருவிழா முடிந்த மறுநாள் விடியலில் ஆலய வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் பெயரை ஒலிபெருக்கி சொல்வதில்லை. பங்கு இல்லமும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. பள்ளியில் இடம் கேட்டு வரும் இருவரில், காரில் வந்தவரை உட்காரச் சொல்வதும், நடந்து வந்தவரைக் காத்திருக்கச் சொல்வதும் எங்கு நடந்தாலும், அங்கே ஒரு பரிசுப் பை கைமாறுகிறது.

இதை நம் ஆண்டவர் அன்றே கண்டார். விருந்து வைக்கும்போது செல்வந்தரான அண்டை வீட்டாரை அழைக்காதே, அவர்கள் உன்னைத் திரும்ப அழைத்தால் கணக்குத் தீர்ந்துவிடும். ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழை, அவர்களால் திருப்பித் தர இயலாது என்பதே உனக்குப் பேறு என்பது அவருடைய படிப்பினை (லூக் 14:12-14). திருத்தூதர் யாக்கோபும், பொன் மோதிரம் அணிந்து வந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்தவருக்குத் தரையும் காட்டிய சபையைக் கண்டித்தார் (யாக் 2:1-4). நீதிமன்றம் வரிக்காகக் கண்ட வேறுபாட்டை நற்செய்தி நம் மீட்புக்காகக் காட்டுகிறது.

2013 மார்ச்சில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தாம் தங்கியிருந்த குருக்கள் விடுதிக்கே சென்று, தம் பெட்டியை எடுத்துக்கொண்டு, வாடகைப் பணத்தையும் செலுத்தினார். அவரிடம் பணம் கேட்கும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? கேட்காமலே கொடுத்தார். கிடைக்கும் சலுகையை வேண்டாம் என்று சொல்லவும் முடியும் என்பதை உலகம் கண்டது.

எனவே அடுத்த முறை ஒன்றைக் கொடுக்கும் முன் நம்மையே கேட்போம்: இவரால் இதைத் திருப்பித் தர முடியுமா? முடியும் என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதைத் தர்மம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். முடியாது என்றால், அதுவே பரிசு. இந்த ஆண்டுத் திருவிழாவில் முதல் பொன்னாடை அந்தத் துடைப்பம் பிடித்த கைகளுக்குச் செல்லட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!